ஏழு வகை, ஐந்து மாவு: ஸ்வீடன் நாட்டு பிஸ்கட்டுகளை வீட்டில் சுடும் முறை

ஸ்வீடனில் காபிக்கு அழைக்கப்பட்டு வரும் விருந்தாளியின் முன் ஏழு வகை பிஸ்கட் வைப்பதே முறை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. ஆறோடு நிறுத்தினால் வீட்டுக்காரி கைச்சுருக்கம் உள்ளவள் என்ற பேச்சு வரும். எட்டாகிவிட்டால் பவிசு காட்டுகிறாள் என்பார்கள். 'காஃபெரேப்' எனப்படும் அந்தக் காபி விருந்துகள் பெரும்பாலும் பெண்கள் கூடும் இடமாக இருந்தன. முதலில் ஏலக்காய் மணக்கும் பன், அடுத்து மெத்தென்ற கேக், அதற்குப் பிறகு இந்தச் சிறு பிஸ்கட்டுகள், கடைசியில் க்ரீம் வைத்த பெரிய கேக் என்று பரிமாறும் வரிசைகூட வகுக்கப்பட்டிருந்தது. இந்தப் பிஸ்கட்டுகளுக்கு ஸ்வீடிஷ் மொழியில் 'ஸ்மோகாகோர்' என்று பெயர். சிறு கேக்குகள் என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்த வழக்கம் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. 1756இல் தொடங்கிப் பலமுறை காபிக்குத் தடை விதித்துப் பார்த்த ஸ்வீடன் அரசு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த முயற்சியைக் கைவிட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவனுடன் கூடிய இரும்பு அடுப்புகள் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரை மலிவானது. காபி, அடுப்பு, சர்க்கரை மூன்றும் கைக்கெட்டியதும் பெண்கள் சுடத் தொடங்கினார்கள். 'ஏழு வகை' என்ற பெயரிலேயே 1945இல் வெளிவந்த சமையல் நூல் ஒன்று, பல பதிப்புகள் கண்டு இன்றும் அங்கே விற்பனையில் இருக்கிறது.

ஏழு வகை என்றதும் ஏழு மாவு பிசைய வேண்டுமோ என்று மலைக்க வேண்டியதில்லை. நான் தேர்ந்தெடுத்திருக்கும் ஏழில் மூன்று, ஒரே மாவிலிருந்து வருபவை. ஆக மொத்தம் ஐந்து மாவு. அவற்றில் ஒன்றில் மட்டுமே முட்டை சேர்கிறது. பொருள்களும் மைதா, வெண்ணெய், சர்க்கரை என்ற மூன்றைச் சுற்றியே வருகின்றன. அப்படியிருந்தும் நம் ஊரில் இவற்றைச் சுடும் பலருக்கு முதல் முறை சரியாக வருவதில்லை. ஸ்வீடிஷ் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் ஒரு பொருள் இருக்கிறது, அதுதான் காரணம்: அவர்களுடைய சமையலறையின் குளிர்.

அறை வெப்பநிலை என்றால் யாருடைய அறை?

அங்கே ஒரு செய்முறை "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று சொன்னால், அது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் வெண்ணெய். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் பளபளப்போ எண்ணெய்க் கசிவோ இருக்காது. சென்னையில் மே மாதத்துச் சமையலறை எளிதாக 33 டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தில் வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் அது பாதி உருகிவிடும். உருகிய வெண்ணெயில் பிசைந்த மாவு ஓவனுக்குள் போனதும் வடிவம் கலைந்து பரவும். வெந்த பிறகு அடியில் எண்ணெய்ப் படலம் நிற்கும். நான் முதன்முதலில் சுட்டபோது இரண்டு டஜன் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாக வெளியே வந்தன. குற்றம் செய்முறையில் இருப்பதாக நினைத்து மாவின் அளவைக் கூட்டினேன். அடுத்த முறை பரவவில்லை. ஆனால் கடித்தால் சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது.

ஆகவே முதல் விதி இது. வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் மட்டும் வெளியே வைக்க வேண்டும். கோடைக்காலமானால் மாவு பிசையும் பாத்திரத்தையும் சிறிது நேரம் குளிர வைப்பது நல்லது. பிசைந்து முடித்த மாவு கையில் பிசுபிசுத்தால் மேலும் மைதா தூவக் கூடாது. மூடி அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலே போதும். வடிவம் கொடுத்துத் தட்டில் அடுக்கிய பிறகு, அந்தத் தட்டோடு இன்னொரு பத்து நிமிடங்கள் குளிர வைத்துவிட்டு நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ள வேண்டும். இந்தப் பத்து நிமிடங்களைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே தகடு சுட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பொருள்களும் மாற்றுகளும்

அங்கே வீட்டுச் சமையலில் எடை பார்ப்பது குறைவு. பெரும்பாலான குறிப்புகள் டெசிலிட்டர் கணக்கில் இருக்கும். ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லிலிட்டர். அந்த அளவுக்கு மைதா சுமார் 60 கிராமும் சர்க்கரை சுமார் 90 கிராமும் பிடிக்கும். இந்த வழிகாட்டியில் எல்லாவற்றையும் கிராமிலேயே கொடுத்திருக்கிறேன். டீஸ்பூன் என்பது 5 மில்லிலிட்டர், டேபிள்ஸ்பூன் என்பது 15 மில்லிலிட்டர். எங்கும் தலைதட்டிய அளவு. ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் வேலை பாதியாகிவிடும்.

வெண்ணெய் உப்புள்ளதாகவே இருக்கலாம். அங்கும் வீடுகளில் பெரும்பாலும் உப்பு வெண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் உப்பு வெண்ணெயில் உப்பு சற்றுத் தூக்கலாக இருப்பதால், பாதி உப்புள்ளதும் பாதி உப்பில்லாததுமாகக் கலந்துகொள்வது என் வழக்கம். மார்கரின் வேண்டாம், இந்தப் பிஸ்கட்டுகளில் வெண்ணெயின் வாசனையைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு மறைவிடம் கிடையாது.

வெளிர்நிறச் சர்க்கரைப் பாகு ஒன்றை ஸ்வீடன்காரர்கள் 'சீரப்' என்கிறார்கள். அதற்கு இங்கே பெரிய கடைகளில் கிடைக்கும் கோல்டன் சிரப் ஏறக்குறைய சரியான மாற்று. தேன் சேர்க்கலாம், ஆனால் சீக்கிரம் கருகும். வெல்லப் பாகு சுவையையே வேறு திசைக்கு இழுத்துச் சென்றுவிடும் என்பதால் மசாலா பிஸ்கட்டுக்கு மட்டுமே அதைச் சேர்ப்பேன்.

மேலே தூவுவதற்கு அவர்கள் 'பேர்ல்சொக்கெர்' என்ற முத்துச் சர்க்கரையைப் பயன்படுத்துகிறார்கள். ஓவன் சூட்டிலும் கரையாமல் வெள்ளை வெளேரென்று நிற்கும் சிறு மணிகள் அவை. நம்மிடம் டைமண்ட் கல்கண்டு இருக்கிறது. அதைத் துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டி, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக உடைத்துக்கொண்டால் தோற்றமும் மொறுமொறுப்பும் ஏறக்குறைய அதே போல் அமையும். பெரிய துண்டாக விட்டால் பல்லுக்கு ஆபத்து.

அடிப்படை மாவு: ஒன்று, இரண்டு, மூன்று

இந்த மாவுக்கு 'மோர்தேக்' என்று பெயர். நம் மோருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பல் பட்டதும் பொலபொலவென்று உதிரும் தன்மையைத்தான் அந்தச் சொல்லின் முற்பகுதி குறிக்கிறது. எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா என்ற கணக்கு இதை மனத்தில் நிறுத்த உதவும். ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டியிருக்காது.

மூன்று வகைக்கும் சேர்த்து 200 கிராம் சர்க்கரை, 400 கிராம் வெண்ணெய், 600 கிராம் மைதா, இரண்டு டீஸ்பூன் வனிலா எசென்ஸ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டிக்கொள்வது நல்லது. முழுப் பொடியாக வேண்டாம். நம் ஊர்ச் சர்க்கரை மணி பெரிது, அதை நுணுக்கினால் போதும். வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் ஒன்றாகும்வரை மட்டும் குழைக்க வேண்டும். கேக்குக்குச் செய்வதுபோல் வெளுத்து நுரைக்கும்வரை அடித்தால் உள்ளே காற்று புகுந்து, சுடும்போது வடிவம் ஊதிக் கலையும். வனிலாவைச் சேர்த்து, சலித்த மைதாவைக் கொட்டி, விரல் நுனிகளால் உதிரியாகக் கலந்து, கடைசியில் உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை அழுத்தி ஒன்றுசேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இங்கேதான் சோதனை. நன்றாகப் பிசைந்தால் மாவு இழுவை கொடுக்கும். இழுவை வந்துவிட்டால் பிஸ்கட் உதிராது, கடினமாகும். ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரோ பாலோ ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. மாவு சேரவில்லை என்று தோன்றினால் வெண்ணெய் இன்னும் குளிராக இருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடங்கள் காத்திருந்தால் தானாகச் சேரும். கிடைக்கும் 1,200 கிராம் மாவை 400 கிராம் வீதம் மூன்று பங்காகப் பிரித்து, மூடி, அரை மணி நேரம் குளிர வைக்க வேண்டும்.

அதிலிருந்து மூன்று வகை

முதலாவது 'ஹல்லோன்குரோட்டோர்', அதாவது ராஸ்பெர்ரி குகைகள். 400 கிராம் மாவை 25 சிறு உருண்டைகளாக்கி, சின்னப் பேப்பர் கப்புகளில் வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விரலால் குழி செய்து, அதில் அரை டீஸ்பூன் ராஸ்பெர்ரி ஜாம் வைக்க வேண்டும். குழி ஆழமாகவும், ஆனால் அடி ஓட்டையாகாமலும் இருக்க வேண்டும். ஜாமைக் குழியின் விளிம்புவரை நிரப்பினால் சூட்டில் பொங்கி வழிந்து கருகும். தண்ணீர்போல் ஓடும் மலிவான ஜாம் இதற்கு உதவாது. கெட்டியான ஜாம் வேண்டும். ராஸ்பெர்ரி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராபெர்ரி ஜாமில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்துகொள்ளலாம், ஏனென்றால் வெண்ணெய் மாவுக்கு எதிராக அந்தப் புளிப்பு தேவைப்படுகிறது. 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடங்கள் ஆகும். விளிம்பு இளம்பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். ஜாம் ஆறும்வரை வாயில் வைக்கக் கூடாது. அதன் சூடு நாக்கில் இரண்டு நாள் இருக்கும்.

இரண்டாவது 'ஃபின்ஸ்கா பின்னார்', ஃபின்லாந்துக் குச்சிகள். மாவில் சில சொட்டு பாதாம் எசென்ஸ் கலந்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள நீண்ட கயிறுகளாக உருட்டி, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக ஒரே வெட்டில் வெட்டலாம். சுமார் 35 குச்சிகள் வரும். பிரிக்காமல் அப்படியே மேற்புறத்தில் அடித்த முட்டையைத் தடவி, பொடியாக நறுக்கிய பாதாமையும் உடைத்த கல்கண்டையும் தூவிய பிறகு தட்டில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். முட்டை வேண்டாதவர்கள் பால் தடவலாம்; மினுமினுப்பு குறையும், அவ்வளவுதான். இதற்கும் 175 டிகிரி, 12 நிமிடங்கள்.

மூன்றாவது 'ஷாக்ரூட்டோர்', சதுரங்கக் கட்டங்கள். 400 கிராம் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரையும், மற்றதில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒரே பதத்தில் இராது. வெட்டும்போது ஒன்று நசுங்கும். ஒவ்வொரு நிறத்திலும் 2 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டிரண்டு சதுரக் கட்டைகள் செய்து, கீழே வெள்ளையும் பழுப்பும், மேலே பழுப்பும் வெள்ளையுமாக மாற்றி அடுக்கி, பட்டர் பேப்பரில் இறுக்கமாகச் சுற்றிக் குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர வைக்க வேண்டும். பிறகு கூர்மையான கத்தியால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனத்தில் வில்லைகளாக வெட்டி, 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடங்கள் சுட வேண்டும். வெள்ளைக் கட்டம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அது பழுப்பானால் சதுரங்கம் போய்விடும். கட்டைகளின் விளிம்புகளை அளவுகோல் வைத்துத் தட்டிச் சதுரமாக்குவதற்கு மெனக்கெடுவது வீணல்ல என்றாலும், முதல் முறை கோணலாகத்தான் வரும். கோணலான பலகையும் அதே சுவைதான்.

கோலாஸ்நிட்டார்: கத்தியின் நேரம்

ஏழில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகக் குறைந்த உழைப்பு கேட்பதும் இந்தக் கேரமல் துண்டுகள்தான். 100 கிராம் வெண்ணெய், 90 கிராம் சர்க்கரை, இரண்டு டேபிள்ஸ்பூன் கோல்டன் சிரப், ஒரு டீஸ்பூன் வனிலா எசென்ஸ், 150 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. மைதாவில் சோடாவைச் சேர்த்து இரண்டு முறை சலிக்க வேண்டும். கட்டியாக நின்ற சோடா வாயில் பட்டால் சோப்பு கடித்ததுபோல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் தட்டின் நீளத்துக்குக் கயிறாக உருட்டி, விரல்களால் லேசாகத் தட்டையாக்க வேண்டும். இவை நன்றாகப் பரவும் என்பதால் இரண்டு பட்டைகளுக்கு நடுவே நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். சிறிய ஓவனில் ஒரு தட்டுக்கு இரண்டு பட்டைக்கு மேல் வைக்க முடியாது. 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடங்கள்.

உள்ளே நடப்பதைக் கண்ணாடி வழியே பார்ப்பது சுவாரசியமானது. முதல் ஐந்து நிமிடங்களில் கயிறு உருகிப் படர்கிறது; பிறகு சோடாவின் வேலையால் மேலே பொங்கி உப்புகிறது; பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு நடுப்பகுதி மெல்லத் தாழ்ந்து, மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய சுருக்கங்கள் விழுகின்றன. நிறம் தேன் நிறத்திலிருந்து கடலைமிட்டாய் நிறத்துக்குத் திரும்பும் அந்த இடத்தில் தட்டை வெளியே எடுக்க வேண்டும். அப்போது பட்டை பஞ்சுபோல் இருக்கும்; வேகவில்லையோ என்ற சந்தேகம் வரும். அதை நம்பி மீண்டும் உள்ளே வைத்தால் கசப்பேறிவிடும்.

இப்போது கத்தி. வெளியே எடுத்த உடனே வெட்டினால் மாவு கத்தியோடு இழுபட்டு வரும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் விட்டால் கத்தி பட்டதும் நொறுங்கும். ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை உள்ள இடைவெளியில், அழுத்தி இழுக்காமல் மேலிருந்து கீழாக ஒரே அழுத்தில், இரண்டு விரல் அகலத்துக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தட்டிலேயே ஆறவிட்டால், விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி சற்று ஜவ்வாகவும் அமையும். சுமார் 30 துண்டுகள் கிடைக்கும். மாவில் அரை டீஸ்பூன் சுக்குப் பொடி சேர்ப்பவர்களும் அங்கே உண்டு.

த்ரெம்மார்: மான் கொம்பு உப்பு

'த்ரெம்மார்' என்றால் கனவுகள். கடித்தால் ஓர் ஓசையுடன் உடைந்து, மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்துபோகும் இந்த வெளுத்த பிஸ்கட்டின் ரகசியம், 'யூர்த்ஹூர்ன்ஸால்ட்' என்ற பொருள். மான் கொம்பு உப்பு என்பது பொருள். பழங்காலத்தில் உண்மையாகவே மான் கொம்பைக் காய்ச்சி வடித்து எடுத்ததால் வந்த பெயர். இன்று விற்பது அம்மோனியம் பைகார்பனேட். நம் ஊர் பேக்கரிக்காரர்கள் 'அமோனியா' என்று சொல்லி வாங்கும் அதே வெள்ளைப் பொடிதான். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில், உணவுத் தரம் என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்க வேண்டும். திறந்து வைத்தால் ஆவியாகிவிடும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டி அவசியம்.

சூடு பட்டதும் இந்த உப்பு அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என்ற மூன்றாகப் பிரிந்து முழுவதும் வெளியேறிவிடுகிறது. பின்னால் உப்போ கசப்போ எஞ்சுவதில்லை. வெளியேறிய வழியெல்லாம் நுண்துளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. மெல்லியதும் உலர்ந்ததுமான பிஸ்கட்டிலிருந்துதான் அம்மோனியா முழுக்க வெளியேற முடியும். கனமான, ஈரமான கேக்கில் சேர்த்தால் உள்ளேயே தங்கி நாறும். சுடும்போது ஓவனைத் திறந்தால் மூக்கை அடிக்கும் நெடி வரும். அதற்கு அஞ்ச வேண்டாம், ஆனால் முகத்தை ஓவனுக்கு நேரே கொண்டுபோகாமல் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பச்சை மாவைச் சுவை பார்க்கக் கூடாது. பிஸ்கட் ஆறியதும் நெடி போய்விடும்.

100 கிராம் வெண்ணெயையும் 250 கிராம் சர்க்கரையையும் குழைத்து வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். அடிப்படை மாவுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே பொருந்தாது, இதற்குக் காற்று வேண்டும். வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லிலிட்டரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்து, இரண்டு டீஸ்பூன் வனிலா எசென்ஸ் சேர்த்து, ஒரு டீஸ்பூன் மான் கொம்பு உப்பு கலந்து சலித்த 240 கிராம் மைதாவைச் சேர்க்க வேண்டும். மாவு ஈர மணல்போல் உதிரும். உள்ளங்கையில் அழுத்தி உருட்டினால் 45 உருண்டைகள் வரும். 150 டிகிரியில் 20 முதல் 25 நிமிடங்கள், நிறம் மாறாமல் மெதுவாகக் காய வேண்டும். மேலே வெடிப்பு விழுந்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள்.

வெண்ணெயை முதலில் உருக்கிப் பழுப்பாக்கி, மீண்டும் உறைய வைத்துச் செய்யும் ஒரு வழியும் அங்கே உண்டு. நெய் காய்ச்சும்போது அடியில் கசண்டு சிவந்து எழும்பும் வாசனையை அறிந்தவர்களுக்கு அது என்னவாக இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நீர் வற்றுவதால் 125 கிராமிலிருந்து தொடங்கினால் 100 கிராம் கிடைத்துவிடும். மான் கொம்பு உப்பு கிடைக்காவிட்டால் அதே அளவு பேக்கிங் பவுடர் சேர்க்கலாம். நல்ல பிஸ்கட்டாகத்தான் இருக்கும், கனவாக இருக்காது.

ஹாவ்ரெஃப்லார்ன்

ஓட்ஸில் செய்யும் இந்த மெல்லிய வலை பிஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 75 கிராம் வெண்ணெயை உருக்கி, 55 கிராம் சாதாரண ஓட்ஸைச் சேர்த்து ஆறவிட்டு, ஒரு முட்டை, 100 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் ஆகியவற்றைக் கலந்தால் முடிந்தது. (மசாலா ஓட்ஸ் பொட்டலத்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒரு டீஸ்பூன் வீதம், கை அகல இடைவெளியில் வைத்து, 175 டிகிரியில் 6 முதல் 8 நிமிடங்கள் சுட வேண்டும். எடுத்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, தட்டையான கரண்டியால் கிளப்பி, பூரிக்கட்டையின் மேல் வளைத்துப் போட்டால் ஓடுபோல் வளைந்து இறுகும். இறுகியதை வளைக்க முயன்றால் உடையும். தட்டை மீண்டும் அரை நிமிடம் ஓவனில் வைத்தால் இளகிவிடும்.

பெப்பர்காகோர்

கிறிஸ்துமஸ் காலத்துக்கும், டிசம்பர் 13 அன்று வரும் லூசியா நாளுக்கும் உரிய மசாலா பிஸ்கட் இது. பெயரில் மிளகு இருந்தாலும் செய்முறையில் மிளகு கிடையாது. மசாலாப் பொருள்கள் எல்லாவற்றையும் மிளகு என்ற ஒரே சொல்லால் குறித்த காலத்தின் மிச்சம் அது. பட்டை, சுக்கு, கிராம்பு, ஏலக்காய் என்று இதில் சேரும் அனைத்தும் கடல் கடந்து அங்கே போனவை. ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. ஆனால் அதை ஸ்வீடன் வீடுகளைப்போல் பன்னிலும் பிஸ்கட்டிலும் அள்ளிப் போட்டுச் சுடுபவர்கள் ஐரோப்பாவிலேயே குறைவு.

150 கிராம் வெண்ணெயையும் 215 கிராம் சர்க்கரையையும் குழைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு டேபிள்ஸ்பூன் கோல்டன் சிரப்பையும் 100 மில்லிலிட்டர் தண்ணீரையும் சூடாக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் அதில் ஊற்ற வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் பட்டைப் பொடி, ஒன்றரை டீஸ்பூன் சுக்குப் பொடி, ஒன்றரை டீஸ்பூன் கிராம்புப் பொடி, ஒரு டீஸ்பூன் ஏலக்காய்ப் பொடி, ஒன்றரை டீஸ்பூன் சமையல் சோடா ஆகியவற்றை 450 கிராம் மைதாவுடன் சலித்துச் சேர்த்தால் களிபோல் தளர்ந்த மாவு கிடைக்கும். கிராம்பை வீட்டிலேயே பொடித்தால் காரம் அதிகம் என்பதால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம். தளர்வைக் கண்டு மைதாவைக் கூட்டக் கூடாது. ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் மாவு நீரை உறிஞ்சி இறுகிவிடும், மசாலாவும் ஊறிவிடும்.

மறுநாள் சிறு பகுதியாக எடுத்து, மீதியைக் குளிரிலேயே விட்டு, மைதா தூவிய பலகையில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். பூரி தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் சிரமமில்லை. பூரியைவிடவும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இதயம், ஆடு, பன்றி, மனித உருவங்கள் என்று அவர்கள் அச்சுகளால் வெட்டுவார்கள். அச்சு இல்லாவிட்டால் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு போதும். 200 டிகிரியில் 5 நிமிடங்கள். நான்காவது நிமிடத்திலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. கருத்த மாவு என்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது, வாசனைதான் சொல்லும்.

சுடும் வரிசையும் சேமிப்பும்

முதல் நாள் மாலையில் மசாலா மாவையும் சதுரங்கக் கட்டையையும் தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் ஓவனை 150 டிகிரியில் தொடங்கி த்ரெம்மாரைச் சுட்டு முடித்து, 175க்கு ஏற்றி நடுவிலுள்ள ஐந்து வகைகளையும் சுட்டு, கடைசியாக 200க்கு ஏற்றி மசாலா பிஸ்கட்டை முடிக்கலாம். இந்த வரிசையில் போனால் ஓவன் ஆறுவதற்காக எங்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விசிறியுள்ள ஓவனில் எல்லா வெப்பநிலையையும் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் உள்ள சிறிய ஓடிஜியில் தட்டு நடுத்தட்டில் இருக்கட்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் வேகாவிட்டால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கலாம். முழு ஏழும் சேர்ந்தால் 200க்கும் மேற்பட்ட பிஸ்கட்டுகள் வரும் என்பதால், சிறிய குடும்பத்தினர் எல்லா அளவுகளையும் பாதியாக்கிக்கொள்ளலாம். முட்டையைப் பாதியாக்குவது தொல்லை என்பதால் ஓட்ஸ் மாவை மட்டும் முழுதாகச் செய்துவிடுங்கள். அதுதான் முதலில் தீரும்.

சூடு முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். வகைக்கு ஒரு டப்பா தேவை. மொறுமொறுப்பானதையும் ஜாம் வைத்ததையும் ஒன்றாக வைத்தால் ஒரே இரவில் எல்லாம் நமுத்துவிடும். மசாலா பிஸ்கட்டோடு எதை வைத்தாலும் அதற்குக் கிராம்பு வாசனை ஏறும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வலை பிஸ்கட் இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. மற்றவை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். மசாலா பிஸ்கட் பல வாரம் தாங்கும். ஸ்வீடனில் பலர் டப்பாவோடு ஃப்ரீசரில் வைத்து, விருந்தாளி மணியடித்த பிறகு வெளியே எடுக்கிறார்கள். காபி இறங்கும் நேரத்துக்குள் அவை பழைய நிலைக்கு வந்துவிடும்.

பரிமாறும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்று விருந்தாளியின் தட்டில் விழ வேண்டும் என்பதால்தான் இந்தப் பிஸ்கட்டுகள் இவ்வளவு சிறியவை. பெரிதாக உருட்டினால் ஐந்தாவதிலேயே விருந்தாளி கும்பிடு போட்டுவிடுவார். பெப்பர்காகோரை மட்டும் அங்கே நேராகக் கடிப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, மறு கையின் ஆள்காட்டி விரல் மூட்டால் நடுவில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். சரியாக மூன்று துண்டாக உடைந்து, மூன்றையும் வாய் பேசாமல் தின்று முடித்தால் வேண்டியது நடக்கும் என்பது வழக்கு. 2 மில்லிமீட்டருக்கு மேல் கனமாகத் தேய்த்திருந்தால் அது எத்தனை தட்டு தட்டினாலும் உடையாது.